காலைத் தட்டின் கதை – 8: கொதித்த பாலில் கரைந்த கணக்கு

இதுவரை: அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்ற ஊர். அங்கே அட்வென்டிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் நடத்திய சுகவாழ்வு இல்லத்தில் டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக்கும் அவர் தம்பி வில் கீத் கெல்லாக்கும் 1894-ல் காய்ந்துபோன கோதுமை மாவை உருளையில் விட்டு எடுக்க, அது தாள்தாளாக உதிர்ந்தது. அண்ணனுக்கு அது நோயாளிகளின் பத்தியச் சாப்பாடு. தம்பிக்கோ ஊருக்கெல்லாம் விற்கக்கூடிய சரக்கு. சர்க்கரை சேர்ப்பதில் சண்டை வந்தது. 1906-ல் தம்பி தனிக் கம்பெனி கண்டார். பெயர் யாருக்குச் சொந்தம் என்று இருவரும் கோர்ட்டுப் படி ஏறினார்கள். சென்ற வாரம் பார்த்தது ஹார்லிக்ஸ்: ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையில் ஆப்பிளோடு சேர்ந்துகொண்ட கண்ணாடி பாட்டில், நம் வீட்டு அலமாரியில் நிரந்தர இடம் பிடித்த கதை.

இந்த வாரம் அந்தத் தம்பியின் பெட்டி இந்தியாவில் வந்து இறங்குகிறது.

* * *

எதிரியின் பெயர் இட்லி

1994 செப்டம்பர். தாராளமயமாக்கல் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. வெளிநாட்டுக் குளிர்பானங்கள் வந்துவிட்டன. தமிழ்நாட்டில் சன் டிவி தொடங்கி ஒன்றரை வருடம்தான். தூர்தர்ஷனைத் தாண்டி, தமிழிலேயே ஒரு வீட்டு வரவேற்பறைக்குள் விளம்பரம் நுழைவதற்கு அப்போதுதான் வாசல் திறந்திருந்தது.

மும்பைக்கு அருகே தலோஜாவில் தொழிற்சாலை போட்டுவிட்டு, கெல்லாக் மூன்று பொருள்களோடு சந்தைக்கு வந்தது. கார்ன்ஃபிளேக்ஸ், கோதுமை ஃபிளேக்ஸ், பாஸ்மதி அரிசி ஃபிளேக்ஸ். முதலில் மும்பை, பிறகு 1995 மார்ச்சில் நாடு முழுக்க.

கணக்கு எளிமையானது. இந்தியாவில் கோடிக்கணக்கான நடுத்தரக் குடும்பங்கள். எல்லோரும் காலையில் ஏதோ ஒன்றைச் சாப்பிடுகிறார்கள். அதில் நூற்றுக்கு ஒரு வீடு மாறினாலே போதும். நிறுவனத்தின் அன்றைய நிர்வாக இயக்குநர் டெனிஸ் அவ்ரான்சார், தங்களுக்குப் போட்டி என்று இருப்பது இட்லி, வடை போன்ற பாரம்பரியப் பலகாரங்கள் மட்டும்தான் என்று சொன்னார்.

அதை ஆணவம் என்று படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மனிதர் எதிரியைச் சரியாகவே அடையாளம் கண்டிருந்தார். எதிரியின் பலம் எங்கே இருக்கிறது என்பதில்தான் கோட்டை விட்டார்கள்.

விளம்பரங்களின் தொனி இப்படி இருந்தது: நீங்கள் இதுவரை சாப்பிட்டது எண்ணெய், கனம், சத்துக் குறைவு, இனி லேசாக, நவீனமாகச் சாப்பிடுங்கள். விடிகாலையில் எழுந்து முந்தின நாள் ஆட்டிவைத்த மாவைத் தட்டில் ஊற்றி வேகவைத்துச் சட்னி அரைத்து வைக்கிற ஒரு பெண்ணிடம், நீ செய்வது சரியில்லை என்று டிவியில் வந்து சொன்னால் அவள் என்ன செய்வாள்? சேனலை மாற்றுவாள்.

* * *

1995 ஏப்ரல்

முதல் சில மாதங்கள் விற்பனை நன்றாக இருந்தது. புதுசு என்பதற்காக வாங்கினார்கள். விருந்தாளிக்குக் காட்ட வாங்கினார்கள். பிறகு மும்பை விநியோகஸ்தர்களிடமிருந்து கலவரமான தகவல்கள் வர ஆரம்பித்தன. கடைக்காரர்கள் திரும்ப ஆர்டர் கொடுக்கவில்லை. நாடு முழுக்க விற்க ஆரம்பித்த மார்ச் மாதத்திலிருந்து பார்த்தால் விற்பனை நான்கில் ஒரு பங்கு சரிந்திருந்தது.

ஒரு தடவை வாங்கியவர் இரண்டாம் தடவை வாங்கவில்லை. உணவு வியாபாரத்தில் இதைவிடக் கெட்ட செய்தி கிடையாது.

விலை ஒரு காரணம். அப்போது சந்தையில் இருந்த போட்டியாளரைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விலை. அந்தப் போட்டியாளர் யார் என்பது சுவாரஸ்யம். மோகன் மீக்கின். ஆம், ஓல்டு மங்க் ரம் தயாரிக்கும் அதே காசியாபாத் கம்பெனிதான். பீர், ரம் வடிக்கிற இடத்திலிருந்து ‘மோகன்ஸ்’ என்ற பெயரில் கார்ன்ஃபிளேக்ஸ் பல காலமாக வந்துகொண்டிருந்தது. ராணுவ கேன்டீன், ரயில்வே அதிகாரி வீடு, கிளப், கான்வென்ட் ஹாஸ்டல் என்று அதற்கென்று ஒரு சின்ன உலகம் இருந்தது. பெரிதாக விளம்பரம் கிடையாது. ஆசைப்பட்டு யாரும் வாங்குவதும் இல்லை. ஆனாலும் விற்றது.

ஏன் விற்றது என்ற கேள்விக்குப் பதில் ஒரு பாத்திரத்தில் இருந்தது.

* * *

பால் பாத்திரம்

விடிகாலை. வாசலில் பால் பாக்கெட் வந்து விழுகிறது. நம் வீடுகளில் அதற்கு அடுத்து நடப்பது ஒன்றே ஒன்றுதான். பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் ஏற்றுவது. பால் பொங்கி, அடங்கி, ஏடு கட்டும்வரை யாரும் அதைத் தொடக்கூட மாட்டார்கள். முதல் பால் காபிக்கு. பச்சைப் பாலைக் குடித்தால் வயிற்றுக்கு ஆகாது என்பது நம்மில் தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை. கறந்த பாலும் கலப்படப் பாலும் குளிர்சாதனம் இல்லாத வண்டியில் வந்த காலத்தில் அது நல்ல நம்பிக்கையும்கூட. பாஸ்சரைஸ் செய்த பாக்கெட் வந்த பிறகும் கை அந்த வேலையை விடவில்லை.

எனவே காலையில் தட்டில் விழுகிற பால் சூடான பால்.

கெல்லாக் ஃபிளேக்ஸ் மெல்லியது. அதன் அழகே அந்த மொறுமொறுப்புதான். ஈரப்பதம் மிகக் குறைவாக இருக்கும்படி வாட்டி எடுத்த அந்தத் தாளின்மேல் குளிர்ந்த பால் பட்டால் சில நிமிடம் தாக்குப்பிடிக்கும். சூடான பால் பட்டால் மாவுச்சத்து உடனே நீரை இழுத்துக்கொண்டு தொய்ந்துவிடும். ஸ்பூனை எடுப்பதற்குள் கிண்ணத்தில் சொதசொதவென்று ஒரு கூழ். மோகன்ஸ் ஃபிளேக்ஸ் சற்றுத் தடிமன். சூட்டைக் கொஞ்சம் தாங்கியது. தரத்தில் குறைவாகப் பார்க்கப்பட்ட சரக்கு, நம் சமையலறைக்குப் பொருந்திப்போனது.

சரி, குளிர்ந்த பாலே ஊற்றலாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். அங்கே இன்னொரு சிக்கல். நமக்குப் பால் என்றால் சர்க்கரை வேண்டும். குளிர்ந்த பாலில் சர்க்கரை கரையாமல் கிண்ணத்தின் அடியில் மணலாகத் தங்கியது. மேலே சப்பென்று, அடியில் தித்திப்பாக. ஜில்லென்று பால் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று பாட்டி குரல் கொடுத்தது தனி.

பல கோடி டாலர் முதலீடு, உலகின் பல நாடுகளில் வென்ற விளம்பர உத்தி, எல்லாம் ஒரு பால் பாத்திரத்தில் தடுக்கி விழுந்தது. இன்றைக்கும் மாமல்லபுரம் கடற்கரை ஹோட்டல்களில் காலை பஃபே மேசைக்குப் போனால், கார்ன்ஃபிளேக்ஸ் ஜாடிகளுக்குப் பக்கத்தில் இரண்டு கூஜாக்கள் இருப்பதைப் பார்க்கலாம். ஒன்றில் குளிர்ந்த பால், இன்னொன்றில் சூடான பால். வெள்ளைக்காரப் பயணி எதை எடுக்கிறார், சென்னையிலிருந்து வார இறுதிக்கு வந்த குடும்பம் எதை எடுக்கிறது என்று கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். 1995-ல் தலோஜாவில் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களின் கஷ்டம் புரியும்.

* * *

வீட்டைப் பிரித்தல்

இப்போது திருப்புமுனைக்கு வருவோம். இந்தத் தொடரின் மொத்தக் கதையிலும் இது முக்கியமான இடம் என்பேன்.

தோற்றுப்போன கம்பெனி மூட்டை கட்டியிருக்கலாம். விலையைக் குறைத்து மோகன்ஸோடு மல்லுக்கட்டியிருக்கலாம். வேறொன்றைச் செய்தார்கள். ‘இந்தியக் குடும்பம்’ என்று ஒற்றை வாடிக்கையாளரை நினைத்து வந்தவர்கள், அந்தக் குடும்பத்தை ஆள் ஆளாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

நம் காலை உணவின் பலம் என்ன? ஒரே பானையில் பொங்கல். தாத்தாவுக்கும் அதே, பேரனுக்கும் அதே. வேண்டுமானால் பேரனுக்கு மிளகைப் பொறுக்கி எடுத்துவிடுவார்கள், தாத்தாவுக்கு நெய் குறைவு. அந்தப் பானையை நேரடியாக உடைக்க முடியாது. அதைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருவராக எழுப்பிக்கொண்டு போகலாம்.

முதலில் எழுந்தது குழந்தை.

* * *

குழந்தை

1996-ல் சாக்கோஸ் வந்தது. கோதுமை மாவில் செய்த சின்னச் சின்னக் கிண்ண வடிவம், மேலே சாக்லேட் சுவை, பெட்டியில் கோகோ என்கிற கரடி. அடுத்த வருடம் சர்க்கரை பூசிய ஃபிராஸ்டீஸ்.

பால் பிரச்சினை இதில் தானாகவே தீர்ந்தது. சூடான பால் ஊற்றினால் ஃபிளேக்ஸ் போலக் கூழாகாமல் கொஞ்சம் தாங்கியது. ஊறினாலும் பால் சாக்லேட் பாலாக மாறியது. குழந்தைக்கு அது குறையா, கொண்டாட்டமா? சர்க்கரையும் தனியாகப் போட வேண்டியதில்லை. அது ஏற்கெனவே உள்ளே இருந்தது. பெட்டியின் பின்பக்கப் பொருட்பட்டியலில் கோதுமை மாவுக்கு அடுத்து வருவது அதுதான். அண்ணனும் தம்பியும் எந்தச் சர்க்கரைக்காகப் பேட்டில் கிரீக்கில் முகம் திருப்பிக்கொண்டார்களோ, அதே சர்க்கரை நூறு வருடம் கழித்துக் கம்பெனியை இந்தியாவில் காப்பாற்றியது.

குழந்தையைப் பிடிக்கும் கலை அவர்களுக்குப் புதிதல்ல. 1909-லேயே பெட்டி வாங்கினால் படம் மாறும் வேடிக்கைப் புத்தகம் கொடுத்தவர் வில் கெல்லாக். 1930-களில் அமெரிக்க ரேடியோவில் சிறுவர் நிகழ்ச்சிகளுக்குச் செலவழித்தார்கள். ரைஸ் கிறிஸ்பீஸ் பெட்டியில் ஸ்நாப், கிராக்கிள், பாப் என்று மூன்று குள்ளர்கள் வந்தார்கள். 1952-ல் டோனி என்கிற புலி. போட்டிக் கம்பெனியான ஜெனரல் மில்ஸோ தன் வீட்டீஸ் பெட்டியை விளையாட்டு வீரர்களின் படத்தோடு பையன்களுக்கும் ஆண்களுக்கும் விற்றது. ஆளைப் பிரித்து விற்பது அந்த ஊரில் அப்போதே பழகிய தொழில்.

எதிர்ப்பும் பழசுதான். 1970 ஜூலையில் ராபர்ட் சோட் என்பவர் அமெரிக்க செனட் குழு முன் உட்கார்ந்து, சந்தையில் இருந்த 60 சீரியல்களைச் சத்துப்படி வரிசைப்படுத்திக் காட்டினார். 40-ல் கலோரியைத் தவிர உருப்படியாக ஒன்றுமில்லை என்றார். நாடே அதிர்ந்தது. கம்பெனிகள் என்ன செய்தன? வைட்டமின்களையும் இரும்புச் சத்தையும் மாவில் சேர்த்தன. சர்க்கரை அப்படியே இருந்தது. பெட்டியின் முகப்பில் வைட்டமின் பட்டியல் ஏறியது. குற்றச்சாட்டே விளம்பர வாசகமாக மாறிய விசித்திரம் அது. இந்தியாவுக்கு வந்த பெட்டி அந்தப் பட்டியலோடுதான் வந்தது. அதன் பலன் அடுத்த பகுதியில் தெரியும்.

பெட்டி குழந்தையிடம் பேசுவது விளையாட்டைப் பற்றி. பணம் கொடுக்கிற அம்மாவிடம் பேசுவது வேறு: கவனம், ஞாபகசக்தி, மார்க். அமெரிக்காவில் கெல்லாக்கின் ஃபிராஸ்டட் மினி வீட்ஸ் விளம்பரம், இதைச் சாப்பிட்டால் குழந்தையின் கவனம் ஏறத்தாழ 20 சதவீதம் கூடும் என்று ஆய்வைக் காட்டிச் சொன்னது. 2009-ல் அந்த நாட்டு வர்த்தக ஆணையம் அதைப் பிரித்துப் பார்த்தபோது, அந்த ஆய்விலேயே பாதிக் குழந்தைகளுக்குத்தான் ஏதாவது முன்னேற்றம். 20 சதவீதமோ அதற்கு மேலோ கூடியது ஒன்பதில் ஒரு குழந்தைக்கு. ஒப்பிட்டதும் காலையில் தண்ணீர் மட்டும் குடித்த பிள்ளைகளோடு. வெறும் வயிற்றோடு ஒப்பிட்டால் இரண்டு இட்லியும் ஜெயிக்கும்தானே.

* * *

அம்மா

குழந்தைக்கு ஆசை காட்டியவர்கள், அம்மாவுக்குக் கவலையைக் காட்டினார்கள்.

1990-களின் பிற்பகுதியில் கெல்லாக் பெட்டிகளில் ‘அயர்ன் சக்தி’ ஏறியது. இந்திய உணவியல் வல்லுநர் சங்கத்தோடு சேர்ந்து இரும்புச் சத்துக் குறைபாடு பற்றிய பிரசாரம். ‘காலை உணவு வாரம்’ என்று சென்னை, டெல்லி, மும்பையில் ரத்தசோகைத் தடுப்பு முகாம்கள், ஆலோசனைகள். தட்டைக் குறை சொன்ன பழைய தொனி போய்விட்டது. நீங்கள் செய்வது தப்பு என்று சொன்னவர்கள், உங்களுக்கு உடம்பு சரியில்லையே என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

இதை வெறும் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1998-99-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டில் மணமான பெண்களில் 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இருபது வருடம் கழித்து 2019-21 கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம். நோய் நிஜம். ஆனால் ரத்தசோகை அதிகம் வாட்டுவது எந்தப் பெண்ணை? சதுரங்கப்பட்டினத்தில் விடிகாலையில் மீன் ஏலத்துக்குப் போகிறவளையும் வயலில் நாற்று நடுகிறவளையும். பெட்டி போய்ச் சேர்ந்ததோ வேறொரு வீட்டுக்கு. நோயின் கணக்கு ஒரு வர்க்கத்திடமிருந்து வந்தது, விற்பனை இன்னொரு வர்க்கத்திடம் நடந்தது. முகாமுக்கு வந்த டாக்டர்கள் நல்லெண்ணத்தோடு வந்திருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

2000-களின் பிற்பகுதியில் அம்மாவுக்கே தனிப் பெட்டி வந்தது. ஸ்பெஷல் கே. அமெரிக்காவில் 1955-லிருந்து விற்ற சரக்கு. இரண்டு வாரம் இரண்டு வேளை இதைச் சாப்பிட்டால் இடுப்பு குறையும் என்ற சவால். சிவப்பு உடை, சினிமா நட்சத்திரம், கல்யாண சீசன். ரத்தம் குறைவு என்று சொன்ன அதே தொழில், இப்போது எடை அதிகம் என்றது. ஒரே வீட்டில் ஒரே பெண்ணிடம்.

* * *

அப்பா

அப்பாவைப் பிடித்தது கார்ன்ஃபிளேக்ஸ் கம்பெனி அல்ல. ஓட்ஸ்.

1997 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓட்ஸில் உள்ள கரையும் நார்ச்சத்து ரத்தத்தின் கொழுப்பைக் குறைத்து இதயநோய் ஆபத்தைத் தணிக்கலாம் என்று பெட்டிமேல் அச்சிட அனுமதி கொடுத்தது. குறிப்பிட்ட ஓர் உணவுக்குக் கிடைத்த முதல் அனுமதி அது. ஒரு நாளைக்கு மூன்று கிராம் பீட்டா குளூக்கான் வேண்டும் என்பது கணக்கு. அந்த ஒரு வரி உலகம் சுற்றியது. 2006-ல் பெப்சிகோ குவேக்கர் ஓட்ஸை இந்தியாவில் இறக்கியது. எண்ணெய் விளம்பரத்தில் கணவனின் இதயத்தைக் காட்டி மனைவியைக் கலங்கவைத்துப் பழகிய சஃபோலாவும் 2010 வாக்கில் ஓட்ஸுக்கு வந்தது. ஹார்லிக்ஸ்கூட ஓட்ஸ் விற்றுப் பார்த்தது.

தமிழ்நாட்டில் ஓட்ஸ் பிடித்ததற்குக் காரணம் நம்மிடமே இருந்தது என்பது என் கட்சி. அது கஞ்சி. சூடாகத்தான் குடிப்போம். பால் ஊற்றலாம், மோர் ஊற்றலாம், உப்புப் போடலாம். ‘கஞ்சி குடிங்க’ என்று டாக்டர் சொன்னால் கேள்வி கேட்காத ஊர் இது. கெல்லாக் பத்து வருடம் முட்டி மோதிய பால் பாத்திரம் இங்கே ஒரு தடையாகவே இல்லை. அதற்கு மேல் கறிவேப்பிலை, வெங்காயம், மசாலா வாசத்தோடு மசாலா ஓட்ஸ் வந்தபோது, அது ஏறத்தாழ நம் உப்புமா டப்பாவுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

பின்னணியில் சர்க்கரை நோய். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-ல் வந்தபோது இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது. நாற்பது வயதில் ரத்தப் பரிசோதனைத் தாளோடு வீட்டுக்கு வரும் ஆண், அன்றிரவே தட்டிலிருந்து அரிசியை விலக்குகிறார். மறுநாள் காலை அவருக்கு மட்டும் தனிக் கிண்ணம்.

* * *

ஓர் அலமாரி

அணுபுரத்துக்கு வருவோம். கல்பாக்கத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவே, அணுசக்தித் துறை ஊழியர்களுக்காக எழுந்த குடியிருப்பு. வங்காளம், ஆந்திரம், கேரளம், உத்தரப்பிரதேசம் என்று எங்கெங்கிருந்தோ வந்த விஞ்ஞானிகளும் தொழில்நுட்பக்காரர்களும் நம்மூர்க்காரர்களோடு அடுத்தடுத்த பிளாக்கில். ஷிப்டுக்குப் பேருந்து பிடிக்கிறவர், ஏழு மணிக்கே பள்ளிச் சீருடை போட்டு நிற்கும் பிள்ளை, இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடு. மாமியார் ஊரில். அரைத்து வைத்த மாவு எப்போதும் இருக்காது. சந்தைப்படுத்தல் புத்தகங்கள் எழுதுகிறவர்கள் கற்பனையில் வரைகிற நுகர்வோர் இங்கே மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இப்படிப்பட்ட குடியிருப்புகளின் மளிகைக் கடையில் காலை உணவு அலமாரியைக் கொஞ்சம் கவனித்தால் மேலே சொன்ன மொத்த வரலாறும் அடுக்கடுக்காகத் தெரியும். மேல் தட்டில் முயூஸ்லி, பாதாம் படமும் பழுப்பு நிறமும், படித்தவர் பார்வைக்கு. கண்ணுக்கு நேரே ஓட்ஸ், இதயப் படத்தோடு. இடுப்பு உயரத்தில் சாக்கோஸ், ஐந்து வயதுக் கை எட்டும் இடம். அதை எடுத்துக் கூடையில் போடுவது குழந்தை, திருப்பி வைப்பது அம்மா, மறுபடி எடுப்பது குழந்தை. கடைசியில் பில் போடும் மேசைக்கு மேலே தொங்கும் பத்து ரூபாய்ப் பாக்கெட் சரம். பெட்டி வாங்காதவரும் சில்லறைக்குப் பதிலாகக் கிழித்துப் போவதற்கு.

அந்தச் சரத்தை நான் இந்தக் கதையின் மிகக் கெட்டிக்காரக் கண்டுபிடிப்பு என்பேன். பெட்டியால் நுழைய முடியாத வீட்டுக்கு அது நுழைந்தது. ஆனால் அது காலை உணவாக நுழையவில்லை. பாலும் கிடையாது, கிண்ணமும் கிடையாது. மாலை பள்ளிவிட்டு வரும் பிள்ளை அதை மிக்சர் தின்பதுபோல் தின்றுகொண்டே நடக்கிறது.

பெட்டியின்மேல் கரடி, புலி வரக்கூடாது என்று 2016-ல் சிலி நாடு சட்டத்தை அமல்படுத்தியது. டோனி புலி அங்கே பெட்டியிலிருந்து இறங்கியது. இந்தியாவில் 2020-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த விதி, கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்கிறது. 50 மீட்டர் என்பது எத்தனை அடி தூரம் என்று பெட்டிக்கடைக்காரருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும்.

* * *

உப்புமா

2020-ன் இறுதியில் ஒரு செய்தி வந்தது. பெருந்தொற்றுக் காலம், எல்லோரும் வீட்டிலேயே மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கெல்லாக் ஒரு புதிய பொருளை இந்தியச் சந்தையில் இறக்கியது.

ரெடிமேட் உப்புமா.

இட்லியும் வடையும்தான் எதிரி என்று சொல்லி வந்த கம்பெனி, இருபத்தாறு வருடம் கழித்து ரவையை வறுத்துக் கடுகு தாளித்துப் பாக்கெட்டில் அடைத்து நமக்கே விற்றது. இதைத் தோல்வி என்பதா? எம்டிஆர் போன்ற நம் ஆட்கள் எத்தனையோ காலமாகச் செய்கிற வேலைக்கு ஒரு பெரிய கம்பெனி வந்து சேர்ந்தது என்பதா? கம்பெனியே பிறகு நிலைக்கவில்லை. 2023 அக்டோபரில் இரண்டாக உடைந்தது. வெளிநாட்டுச் சீரியல் வியாபாரம் கெலனோவா என்ற பெயருக்குப் போயிற்று. 2024-ல் சாக்லேட் கம்பெனியான மார்ஸ் அதை ஏறத்தாழ 3,600 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. சர்க்கரையில் தொடங்கிய தகராறு சாக்லேட்காரர் கையில் போய் நின்றது.

அந்த உப்புமா பாக்கெட் கடைக்கு வந்து இரண்டு வருடம் ஆகும் முன்பே, இன்னொரு உப்புமா அடுப்பில் ஏறியது. 2022 செப்டம்பர் 15, மதுரை. ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கிய நாள். முதல் கட்டத்தில் 1,545 அரசுப் பள்ளிகள், 1.14 லட்சம் குழந்தைகள். அடுத்த ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுக்க விரிந்தபோது 31,008 பள்ளிகள். அப்போது திங்கட்கிழமை என்றால் உப்புமா, காய்கறி சாம்பார். பெட்டி கிடையாது. கரடி கிடையாது. ஒரே பாத்திரம், எல்லாத் தட்டுக்கும் ஒரே கரண்டி.

முப்பது வருடமாக வீட்டை ஆள் ஆளாகப் பிரித்துக் கற்றுக்கொண்ட தொழில், இப்படி வரிசையில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடும் லட்சக்கணக்கான குழந்தைகளை எந்தப் பட்டியலில் சேர்க்கும்? நாளைய வாடிக்கையாளர் என்றா, கைவிட்டுப்போன சந்தை என்றா? அந்தக் குழந்தைகள் மாலையில் கிழிக்கும் பத்து ரூபாய்ப் பாக்கெட்டுக்கு அந்தக் காலை உப்புமா என்ன செய்யும்?

(அடுத்த வாரம்: திருக்குவளை அடுப்பு)